கருடசேவை அன்று கருத்துக் கேட்டார்கள்

சாமு,

போனில் நான் சரியாகப் பேசாமல் வைத்துவிட்டேன் என்று உனக்கு வருத்தம் இருக்கும். வேலை கிடைத்ததை முதலில் அம்மாவிடம்தான் சொல்லவேண்டும் என்று கூப்பிட்டாய். எனக்கும் சந்தோஷம்தான். ஒரு தொழிற்சாலையோ ரோடோ குவாரியோ வருவதற்கு முன்னால், அதனால் அங்கே இருக்கும் தண்ணீருக்கும் காற்றுக்கும் ஜனங்களுக்கும் என்ன ஆகும் என்று ஆராய்ந்து அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதிக்கொடுக்கிற கம்பெனி என்று நீ சொன்னபோது, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி உன் அப்பாவைக் கூப்பிட்டேன். ஜனங்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பார்களே, அந்தக் கூட்டத்துக்கும் நீ போகவேண்டுமா என்று கேட்டேன். "அது சும்மா ஃபார்மாலிட்டிம்மா. ஒரு நாள் போய் உக்காந்துட்டு வந்துடணும், அவ்ளோதான்" என்று சொல்லிச் சிரித்தாய். உடனே வார்டில் டியூட்டி இருக்கிறது என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். அன்று எனக்கு ஆஃப். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இரண்டு நாளாகியும் கோபம் இறங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ சென்னையில் ஹாஸ்டலில் தங்கி ப்ளஸ் டூ படித்த சமயத்தில் இங்கே என்ன நடந்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. படிப்பு கெட்டுவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. லீவுக்கு வந்தபோது ஏதோ ஊரில் தகராறு என்று கேட்டாய், அப்பா "ஒண்ணுமில்லடா, நீ சாப்புடு" என்று சொல்லிவிட்டார். அது ஒன்றுமில்லாத விஷயம் இல்லை.

நம் காலனிக்குப் பின்னால் ஏரிக்கரை வரைக்கும் கிடக்கிறதே மேய்க்கால் நிலம், அதில்தான் வந்தது. காஞ்சிபுரம் டவுனுக்குள் இருக்கும் சாயப்பட்டறைகளை எல்லாம் அங்கிருந்து எடுத்து, ஒரே இடத்தில் வைத்து, கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்து விடுவது என்று ஒரு அரசாங்க நிறுவனம் திட்டம் போட்டது. திட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. டவுன் சாக்கடை ஒரு நாள் சிவப்பாகவும் ஒரு நாள் ஊதாவாகவும் ஓடியதை நீயும் பார்த்திருக்கிறாய். பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர்களும் உழைக்கிற ஜனங்கள்தான். நம் எதிர்வீட்டு சரோஜா அக்காவின் வீட்டுக்காரரே அப்போது ஒரு பட்டறையில் கொதிக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்துகொண்டிருந்தார். நல்லபடியாக ஒரு இடம் கிடைத்தால் அவருக்கும் நல்லதுதான். ஆனால் எந்த இடம் என்று முடிவு செய்வதற்கு முன்னால் அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டாமா?

எனக்கு விஷயம் தெரிந்ததே தற்செயலாகத்தான். ஆஸ்பத்திரி டியூட்டி ரூமில் கிடந்த இங்கிலீஷ் பேப்பரில் ஒரு ஓரத்தில் அறிவிப்பு வந்திருந்தது. நம் ஊர் பேரைப் பார்த்ததும் உட்கார்ந்து படித்தேன். ஆட்சேபணை இருப்பவர்கள் அறிக்கையைக் கலெக்டர் ஆபீசில் பார்க்கலாம், கூட்டத்துக்கு வந்து பேசலாம் என்று போட்டிருந்தது. காலனியில் யார் வீட்டுக்கு இங்கிலீஷ் பேப்பர் வருகிறது? பஞ்சாயத்து போர்டில் ஒட்டவில்லை, தண்டோரா போடவில்லை. ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு கலெக்டர் ஆபீசுக்குப் போய் அறிக்கையைக் கேட்டேன். அங்கே இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இங்கிலீஷ்லதாம்மா இருக்குது, உனுக்குப் புரியாது" என்றார். குடுங்க, புரிகிறவரைக்கும் படிக்கிறேன் என்றேன்.

அங்கேயே உட்கார்ந்து படித்தேன். திட்ட இடத்துக்கு அருகில் குடியிருப்புகள் எதுவும் இல்லை என்று அதில் இருந்தது. அதோடு வைத்திருந்த படத்தில் மெயின் ரோட்டை ஒட்டி இருக்கும் ஊர் இருந்தது, ஊர்க் கோயில் இருந்தது, ரைஸ் மில்கூட இருந்தது. நம் காலனி இல்லை. நம் சர்ச் இல்லை. நம் கிணறு இல்லை. அந்தக் கிணற்றின் கதை உனக்குத் தெரியும். ஊர்க் கிணற்றுப் பக்கம் நம்மை விடாத காலத்தில், பகலெல்லாம் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டிவிட்டு வந்து, உன் தாத்தாவும் அவர் கூட்டாளிகளும் தங்கள் கையாலேயே வெட்டியது. சாயத்தொட்டிகள் வரப்போவதாகப் படத்தில் கட்டம் போட்டிருந்த இடம் அந்தக் கிணற்றின் தலைமாட்டில். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று காலனியில் ஆடு மேய்க்கிறவர்கள், துணி துவைக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். அறிக்கைக்குத் தெரியவில்லை. இன்னும் இரண்டு பக்கம் தள்ளி, இத்திட்டத்தால் மீனவர் குப்பங்களுக்கும் கடற்கரைக்கும் பாதிப்பு இருக்காது என்று எழுதியிருந்தது. சாமு, நமக்குக் கடல் எங்கேயடா இருக்கிறது? வேறு எங்கேயோ கடலோரத்துக்கு எழுதினதை எடுத்து, பேரை மட்டும் மாற்றி வைத்திருக்கிறார்கள். இல்லாத மீனவர்களைப் பற்றிக் கவலைப்படுவதற்கு அதில் இடம் இருந்தது. இருக்கிற நம்மைப் பற்றி ஒரு வரி இல்லை.

கூட்டம் எப்போது வைத்தார்கள் தெரியுமா? வைகாசி கருடசேவை அன்று. எங்கே? சின்னக் காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கல்யாண மண்டபத்தில். காஞ்சிபுரத்தில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், அன்றைக்கு விடியற்காலையிலிருந்து டவுனுக்குள் ஒரு பஸ் நுழையாது, சைக்கிளைக்கூட உருட்ட முடியாது. கருடன் மேல் பெருமாள் வருவதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஜனம் வந்து நிற்கும். மதம் எதுவானாலும் அந்த நாளில் நாமும் அந்தக் கூட்டத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறவர்கள்தானே. அந்த நாளைப் பார்த்துத்தான் எங்கள் கருத்தைக் கேட்கக் கூப்பிட்டார்கள். தெரியாமல் வைத்தார்களா, தெரிந்தே வைத்தார்களா என்று அப்பா இன்றைக்கும் கேட்பார். தெரியாமல் வைத்திருந்தால் அதுதான் இன்னும் கேவலம் என்று நான் சொல்வேன்.

அப்பா முதலில் தடுத்தார். "உனுக்கு இன்னாத்துக்குமே இந்த வேலை? நீ கவர்மென்ட் ஸ்டாப். நாளைக்கு எங்கயாவது தூக்கிப் போட்டுட்டா இன்னா பண்ணுவே?" என்றார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. சரோஜா அக்காவுக்கு என்னைவிட அதிகமாக இருந்தது. அவள் வீட்டுக்காரரைப் பட்டறை முதலாளி கூப்பிட்டு, "உங்க காலனி ஆளுங்க அங்க வந்து சத்தம் போடக்கூடாது, பாத்துக்கோ" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவர் வந்து இவளிடம் சொன்னார். அவள் தலைவாரிக்கொண்டே, "உன் மொதலாளி கெணத்துலயா நான் தண்ணி எடுக்கிறேன்?" என்று கேட்டாளாம். அதோடு சரி. காலையில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்களோடு கிளம்பிவிட்டாள்.

டவுன் எல்லைக்கு வெளியிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து நடந்தோம். வயசானவர்கள், கைக்குழந்தைக்காரிகள் எல்லோரும். போலீஸ் கயிறு கட்டி ஒரு பக்கம் திருப்பினால் இன்னொரு சந்தில் நுழைந்து, மோர்ப்பந்தல் கூட்டத்தில் மாட்டி, வெயிலில் கால் சுட, மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கலெக்டர் சார்பில் வந்திருந்த அதிகாரி கை கழுவிவிட்டுத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வணக்கம் சொல்லி, கருத்துச் சொல்ல வந்திருக்கிறோம் என்றேன்.

"கூட்டம் முடிஞ்சிடுச்சும்மா" என்றார்.

"யாரு சார் பேசினாங்க?"

"யாரும் வரல. ஆட்சேபணை இல்லன்னு எழுதியாச்சு."

சரோஜா அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "எப்படி சார் வருவோம்? சாமி ஊர்கோலம் போய்க்கினு இருக்குது, ரோட்டையெல்லாம் அடைச்சி வெச்சிகினு இருக்கீங்கோ, நாங்க இன்னா பறந்தா வருவோம்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. நேரத்துக்கு வந்திருக்கணும்."

அவள் முன்வரிசையில் இருந்த ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். "உக்காந்துட்டேன் சார். கேளுங்க" என்றாள். ஒவ்வொருவராக எல்லோரும் உட்கார்ந்தோம். அதற்குள் அன்னதானத்துக்கு மண்டபம் வேண்டும் என்று ஆட்கள் வந்து நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கத்தில் வந்ததும் தயங்கினார்கள். நாங்களே எழுந்து நாற்காலியைக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தோம். அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, படித்தவள் ஒருத்தியிடம் பேசுகிற குரலில், "சிஸ்டர், நீங்களாவது புரிஞ்சுக்குங்க. நிலம் எடுக்க ஆர்டர் ஆயிடுச்சு. இது கிளியரன்ஸ் பேப்பருக்காக நடக்கிறது. நீங்க பேசினாலும் பேசலன்னாலும் ஒண்ணுதான்" என்றார்.

சாமு, அவர் கெட்ட மனிதர் இல்லை. உண்மையைச் சொன்னார். அந்த உண்மையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. முடிவை எடுத்துவிட்டு அப்புறம் ஆராய்வது எந்த ஊர் நியாயம்? எங்கள் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடித்துவிட்டு அப்புறம் ரத்தம் டெஸ்ட்டுக்கு அனுப்பினால் எங்களைச் சும்மா விடுவார்களா? இவர்கள் ஒரு ஊரின் தண்ணீரை அப்படித்தான் கையாளுகிறார்கள். அதற்குப் பேர் ஆய்வு, அதற்கு ஒரு அறிக்கை, அதன்மேல் ஒரு முத்திரை.

நாங்கள் விடவில்லை. திங்கட்கிழமை மனு வாங்குகிற நாளில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் நின்றோம். அடுத்த திங்களும் நின்றோம். கருடசேவை அன்று கூட்டம் வைத்தார்கள் என்று சொன்னபோதுதான் கலெக்டர் தலையைத் தூக்கிப் பார்த்தார். பெருமாளுக்காகத்தான் அவர் தலையைத் தூக்கினார், எங்களுக்காக இல்லை என்று சரோஜா அக்கா வெளியே வந்து சொல்லிச் சிரித்தாள். எப்படியோ இன்னொரு கூட்டம் வைக்கச் சொன்னார், நம் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே.

அந்தக் கூட்டத்துக்கு அறிக்கை எழுதின கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்திருந்தான். சட்டையை இன் பண்ணி, நல்ல ஷூ போட்டு, கழுத்தில் அட்டை தொங்க, மரியாதையான பையன். நான் எழுந்து கேட்டேன்.

"தம்பி, நீங்க இந்த எடத்தை வந்து பாத்தீங்களா?"

"பார்த்தோம்மா. மெயின் ரோட்ல வண்டிய நிறுத்திட்டு, அங்கேர்ந்து பார்த்தோம்."

"எங்க தெரு கண்ணுல படலியா?"

அவன் படத்தைப் புரட்டினான். "இந்த மேப்ல உங்க காலனி மார்க் பண்ணலம்மா. அது பழைய சர்வே."

சரோஜா அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள். "மேப்புல இல்லன்னா நாங்க இல்லியா? ஓட்டுக்கு மட்டும் தெருவு தெரியுதே, அப்போ எந்த மேப்ப பாத்துக்கினு வரீங்கோ? என் வூட்டாண்ட வந்து நில்லு தம்பி. நான் இருக்கிறனா இல்லியான்னு பாத்துட்டு எழுது!"

அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். கூட்டம் முடிந்து எல்லோரும் கலைகிறபோது என்னிடம் வந்து, "சாரிம்மா. ஒரே நேரத்துல நாலஞ்சு ரிப்போர்ட் கொடுத்துடறாங்க. கிளையன்ட் அவசரப்படுத்துவாங்க. அவங்கதான் எங்களுக்குப் பணம் தர்றாங்க" என்றான். அன்றைக்கு எனக்கு அவன்மேல் இரக்கம்தான் வந்தது. யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்து, வீட்டுக்குக் கூப்பிட்டு டீ கொடுத்து அனுப்பினேன். கிணற்றையும் காட்டினேன். எட்டிப் பார்த்தான். இவ்வளவு கிட்டத்திலா என்றான்.

நாம் ஜெயித்தோம் சாமு. அந்த இடம் வேண்டாம் என்று கைவிட்டார்கள். சர்ச்சில் ஜெபம் வைத்து, கேசரி கிளறி, ஊர்ப் பக்கத்துக்கும் கொடுத்து அனுப்பினோம். சரோஜா அக்காவின் வீட்டுக்காரரை மட்டும் பட்டறையில் மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை புலம்பவில்லை. அதுவரை பூ கட்டிக்கொண்டிருந்தவள், இட்லி சுட ஆரம்பித்தாள்.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு இதை ஒரு சந்தோஷக் கதையாகச் சொல்லியிருப்பேன். மூன்று வருஷம் கழித்து எங்கள் ஓ.பி.க்கு பாலாற்றுப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் வந்தாள். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் வெடித்துப் புண்ணாகிக் கிடந்தது. என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டேன். "வேலையில்லக்கா. தண்ணிதான். போர் போட்டா நொரையா வருது, ஒரு நாளு ஒரு கலரா வருது. இப்போ அங்க சாயக் கம்பெனிங்கோ வந்துகீதே" என்றாள். நம் ஊரில் கைவிட்டதை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். "கூட்டம் போட்டு உங்களைக் கேக்கலியா?" என்றேன். அவள் என்னையே திருப்பிக் கேட்டாள்: "எந்தக் கூட்டங்க்கா?"

நான் மறுபடி கலெக்டர் ஆபீசுக்குப் போய் அந்த ஊர் அறிக்கையை வாங்கிப் பார்த்தேன். அங்கேயும் குடியிருப்பு இல்லை. மீனவர் குப்பங்களுக்கு அங்கேயும் பாதிப்பு இல்லை. அந்த மீனவர் வரியைக்கூட யாரும் அடித்துவிடவில்லை. கூட்டம் நடந்ததாம், யாரும் ஆட்சேபிக்கவில்லையாம். கொடுமை என்னவென்றால், வேலை போன சரோஜா அக்கா வீட்டுக்காரருக்கு வேறு வழியில்லாமல் அந்த இடத்திலேயேதான் மறுபடி வேலை கிடைத்தது. ஷேர் ஆட்டோ பிடித்துப் போய் வருகிறார். கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற மிஷின் பெரிதாக இருக்கிறதாம், பெயிண்ட் மங்காமல் இருக்கிறதாம். அதிகாரிகள் வருகிறார்கள் என்று தெரிந்தால் ஓட்டுவார்களாம். போனதும் நிறுத்திவிடுவார்களாம், கரண்டு பில் ஏறுகிறது என்று. அனுமதி கொடுத்த காகிதத்தில் எத்தனையோ நிபந்தனை போட்டிருந்தது. போட்டவர்கள் அப்புறம் வந்து பார்க்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இதுதான் உங்கள் ஆய்வு. எந்த இடத்தில் தண்ணீர் கெடாது என்று தேடிப் போகவில்லை. எந்த இடத்தில் கத்தமாட்டார்கள் என்று தேடிப் போயிருக்கிறது. நம் காலனியில் இங்கிலீஷ் படிக்கிற ஒரு நர்சும், வாயை மூடாத ஒரு சரோஜாவும் இருந்ததால் நம் கிணறு தப்பித்தது. அந்த ஊரில் அப்படி யாரும் இல்லை. ஒரு நர்ஸ் இருக்கிறாளா இல்லையா என்பதை வைத்தா ஒரு ஊரின் குடிதண்ணீரை முடிவு செய்வது? அப்புறம் அரசாங்கம் எதற்கு, ஆபீஸ் எதற்கு, உன்னைப் போலப் படித்தவர்கள் எதற்கு?

அந்தப் பையன்மேல் அன்றைக்கு வராத கோபம் இப்போது வருகிறது. அவன் கிணற்றை எட்டிப் பார்த்தவன். பார்த்துவிட்டுப் போய் அடுத்த ஊருக்கு அதே காகிதத்தில் கையெழுத்துப் போட்டானா, வேறு ஒருவன் போட்டானா, எனக்குத் தெரியாது. யார் போட்டிருந்தாலும் அந்த நாற்காலியில்தான் நீ இப்போது உட்காரப் போகிறாய். நல்ல ஷூ போட்டுக்கொண்டு, மரியாதையாக, சாரிம்மா சொல்லிக்கொண்டு.

வேலையை விட்டுவிடு என்று நான் சொல்லமாட்டேன். நீ விட்டால் இன்னொருவன் வருவான், அவன் அம்மா இப்படிக் கடிதம் எழுதுவாளோ என்னவோ. போ. ஆனால் மெயின் ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு எழுதாதே. தார் ரோடு முடிகிற இடத்தில் இறங்கி நட. ஊர் முடிந்தது என்று உன்கூட வருகிற தலைவர் சொல்லுகிற இடத்துக்கு அப்புறமும் நட. நம் மாதிரி ஜனங்களின் வீடுகள் அங்கேதான் ஆரம்பிக்கும், அதை உனக்கு நான் சொல்லித்தரவேண்டியதில்லை. எழுதினதை அவர்களுக்குப் புரிகிற தமிழில் எழுது. கூட்டத்துக்கு நாள் குறிக்கும்போது அந்த ஊரில் அன்றைக்குத் திருவிழாவா, அறுவடையா, சாவா என்று கேள். கம்பெனி அவசரப்படுத்தினால், இந்த இடம் ஆகாது என்று எழுதவும் உனக்குக் கை வரவேண்டும். அப்படி ஒரு தடவைகூட எழுதாதவன் ஆய்வு செய்கிறவன் இல்லை, கையெழுத்துப் போடுகிறவன். அதற்காக வேலை போனால் வீட்டுக்கு வா. உனக்குச் சோறு போட என்னால் முடியும்.

செய்யாறு பக்கம் ஏதோ ஒரு கல்குவாரிக்கு அடுத்த மாதம் கூட்டம், அதுதான் உனக்கு முதல் கூட்டம் என்று அப்பாவிடம் சொன்னாயாம். நான் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். சரோஜா அக்காவும் அன்றைக்கு இட்லிக் கடையை மூடிவிட்டு வருகிறாள். அங்கே எங்களைப் பார்த்ததும் மேடையிலிருந்து இறங்கி வராதே. எனக்கு நாற்காலி எடுத்துப் போடாதே. அம்மா என்று கூப்பிடாதே. மற்ற ஜனங்களோடு நானும் கையைத் தூக்குவேன். இந்த ஊரில் கடைசித் தெரு எது, அந்தத் தெருவில் யாரிடம் பேசினாய், அவர்கள் பேர் என்ன என்று கேட்பேன். தெரிந்தால் மைக்கில் சொல். தெரியாவிட்டால் தெரியாது என்று அதையும் மைக்கில் சொல். நீ சொன்னதை அந்த அதிகாரி எழுதி, எல்லோருக்கும் கேட்கும்படி திரும்பப் படித்துக் காட்டும்வரைக்கும் நான் உட்காரமாட்டேன்.

அம்மா